இயந்திரம் முதலில், ஆசிரியர் கடைசியில்! – இடைநிலைப்பள்ளிக் கணினிக் கல்வி குறித்துச் சில எண்ணங்கள்



கடந்த பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்திருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருக்கிறாள். பேச்சு கணினிப் பாடத்தின் பக்கம் திரும்பியது. குறிப்பேட்டை எடுத்துக் காட்டினாள். பாய்வு வரைபடத்தில் எந்த வேலைக்கு எந்தக் கட்டம், முடிவெடுக்கும் இடத்தில் ஏன் சாய்சதுரம் என எல்லாவற்றையும் அழகாக எழுதி வைத்திருந்தாள். கணிமைச் சிந்தனையின் நான்கு உத்திகளையும் மலாய்மொழியில் தங்குதடையின்றி ஒப்பித்தாள்.

எனக்கு மகிழ்ச்சி. "சரிம்மா, மூன்று பிள்ளைகளின் உயரத்தைக் கொடுத்தால் யார் உயரம் என்று கண்டுபிடிக்கும் ஒரு நிரல் எழுதிக் காட்டேன்" என்றேன்.

சற்று நேரம் தாளையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "புத்தகத்தில் இருக்கிற நிரலா டீச்சர்? அது எத்தனாவது பக்கம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவள் அறிவில் எந்தக் குறையும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் முன்வரிசையில் நின்ற பிள்ளை. மூன்றாண்டுக் காலம் கணினிப் பாடம் படித்தும், தானாக ஒரு நிரலைச் சிந்தித்து எழுதும்படி யாரும் அவளைக் கேட்கவில்லை. அவ்வளவுதான். அவளுடைய ஆசிரியரையும் நான் குறைகூற மாட்டேன். அவர் வேறொரு பாடத்திற்குப் பயிற்சி பெற்றவராம். சில நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வந்த கையோடு இந்தப் பாடம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதாம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் பாடநூலைப் பற்றிக் கொண்டுதான் நடந்திருப்பேன்.

பாடத்திட்டத்தில் குறையா?

நம் நாட்டுப் பாடத்திட்டத்தைக் குறைசொல்வது எளிது. ஆனால், இந்த ஒரு பாடத்தைப் பொறுத்தவரை தாளில் உள்ளது நன்றாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டில் முதலாம் படிவத்தில் 'கணினி அறிவியல் அடிப்படை' என்ற பாடம் அறிமுகமானது. அதற்கு முந்திய கணினிக் கல்வி பெரும்பாலும் தட்டச்சு, அட்டவணை, படவில்லை என்ற அளவில் நின்றிருந்தது. ஆயத்த மென்பொருளைப் பயன்படுத்தப் பழக்குவதே அதன் வேலை. புதிய பாடமோ கணிமைச் சிந்தனை, தரவு குறிக்கப்படும் முறை, படிமுறை, நிரல் எனச் சிந்தனையை நடுவில் வைத்தது. இரும எண்கள் இருக்கின்றன. தேடும் முறைகள் இருக்கின்றன. செய்தியை மறைத்து எழுதும் குறியாக்கம்கூட இருக்கிறது. பிறகு நான்காம், ஐந்தாம் படிவங்களில் எஸ்.பி.எம். தேர்வுக்கான கணினி அறிவியல் பாடம் தொடர்கிறது.

ஒரே ஒரு மனக்குறை உண்டு. கீழ்ப்படிவங்களில் ஸ்கிராட்ச்சில் தொடங்கிப் பைத்தானுக்குப் போகிறார்கள். மேற்படிவங்களில் ஜாவா, அதன்பின் ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி வருகின்றன. இடையில் தரவுத்தளத்திற்கான எஸ்.கியூ.எல். வேறு. மொழிப்பாடம் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன். ஒரு மொழியில் பத்து வாக்கியம் சொந்தமாக எழுத வருமுன் அடுத்த மொழிக்குத் தாவினால், எந்த மொழியும் பிள்ளைக்குச் சொந்தமாகாது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பருவத்திலேயே நின்றுவிடுவான். நிரலாக்க மொழிக்கும் இது பொருந்தும்.

ஆயினும், இதுவும் பெரிய தடையன்று. தேர்ந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், "மொழி மாறினாலும் உள்ளே ஓடும் சிந்தனை ஒன்றே" என்று காட்டிக் கொடுத்துவிடுவார். ஆக, எப்படிச் சுற்றி வந்தாலும் ஆசிரியரிடமே வந்து நிற்கிறோம்.

இயந்திரங்கள் வந்த வரலாறு

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம்.

1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் ஓர் அங்கமாக 1999இல் 88 பள்ளிகளில் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தபோது, அதனோடு மடிக்கணினிகளும் ஒளிவீச்சிகளும் வந்து இறங்கின. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் 1பெஸ்தாரிநெட் திட்டத்திற்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. மெய்நிகர் கற்றல் தளமும் அதனுடன் வந்தது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை அந்தத் தளத்தின் பயன்பாட்டை ஆராய்ந்து பார்த்தது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூன்று தரப்பிலும் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை! 2019இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது.

இவற்றால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வரிசை ஒன்றாகவே இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். முதலில் இயந்திரம் வரும். அடுத்துத் திறப்பு விழா நடக்கும். பிறகு சுற்றறிக்கை வரும். கடைசியாக ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிலரங்கு. கரும்பலகையைச் சுவரில் மாட்டிவிட்டு, எழுதத் தெரிந்தவரைப் பிறகு தேடிய கதைதான்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்ததன்று. இங்கிலாந்திலும் நடந்தது. 2012 ஜனவரியில் அந்நாட்டின் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் கழகம் பள்ளிக் கணினிக் கல்வியைக் கடுமையாக விமர்சித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்பின் 2014 செப்டம்பரில் தொடக்கப்பள்ளி முதலே கணிமையைக் கட்டாயமாக்கும் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகமே பாராட்டியது. மூன்றாண்டு கழித்து, 2017இல் அதே கழகம் மீண்டும் ஆராய்ந்தபோது, பாடத்தை நடத்தும் துணிவும் பயிற்சியும் ஆசிரியர்களிடம் போதவில்லை என்பது தெரியவந்தது. அதற்குப் பிறகுதான் அரசு ஏறத்தாழ 84 மில்லியன் பவுன் ஒதுக்கி, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தேசிய மையம் ஒன்றை 2018இல் அமைத்தது. நான்காண்டு தாமதம்! ஆனால், தவற்றை உணர்ந்து திருத்திக் கொண்டார்கள். நாம் எடுத்துக் கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

பினாங்கில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் இருக்கலாமா?

1972இல் பயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழிற்பேட்டை அமைந்தது. அவ்வாண்டே இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி மூன்று வேளையும் மாறி மாறிப் பணிக்குச் சென்ற பெண்களில் என் சின்னம்மாவும் ஒருவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அவர் தம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். "அந்தச் சில்லு என்ன வேலை செய்யும் சின்னம்மா?" என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. "அதெல்லாம் நமக்கு யார் சொல்லுவா?" என்பதே பதில்.

காலம் மாறிவிட்டது. 2021 டிசம்பரில் இன்டெல் 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. 2024இல் மாநில அரசு சில்லு வடிவமைப்புக்கென்றே தனித் திட்டத்தை அறிவித்தது. இணைக்கும் வேலையிலிருந்து வடிவமைக்கும் வேலைக்கு இந்தத் தீவு நகர முயல்கிறது. அந்த வடிவமைப்புக் கூடத்தில் நம் பிள்ளைகள் இருப்பார்களா, அல்லது இன்னொரு தலைமுறையும் "நமக்கு யார் சொல்லுவா?" என்று கேட்டுக் கொண்டிருக்குமா? இடைநிலைப்பள்ளியில் கணினிப் பாடம் எப்படி நடக்கிறது என்பதோடு இந்தக் கேள்வி நேரடியாகப் பிணைந்திருக்கிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் பாடம் சரியில்லை என்றாலும் கவலையில்லை. மாதக் கட்டணம் கட்டித் தனியார் நிரலாக்க வகுப்புக்குப் போய்விடும். பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தான் பள்ளியின் தரம் வாழ்க்கைச் சிக்கலாகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் நம் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாம் வகையினர்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

கல்வி அமைச்சு செய்ய வேண்டியவை சில உண்டு.

1. கணினிப் பாட ஆசிரியருக்கு இரண்டு நாள் பயிலரங்கு போதாது. ஓராண்டு முழுவதும், வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்துக் கொடுத்து, அவர் தாமே நிரல் எழுதிப் பழகக் காலம் தர வேண்டும். எழுதிப் பிழைபட்டுத் திருத்திய அனுபவம் இல்லாதவர், மாணவனின் பிழைக்கு முன்னால் நடுங்குவார். விடை புத்தகத்தில் இல்லையே!

2. அடுத்தடுத்த பள்ளிகளின் கணினி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். தனியாகத் தத்தளிப்பதைவிடச் சேர்ந்து கற்பது எளிது.

3. ஆண்டுக்கு ஒரு நிரலாவது மாணவன் தானே தேர்ந்தெடுத்து எழுதி, அதைத் தன் வாயால் விளக்க வேண்டும். மனப்பாடம் அந்த இடத்தில் செல்லாது. 2022இல் பி.டி.3 தேர்வு அகற்றப்பட்டதால் கீழ்ப்படிவங்களில் இதற்கு இடம் பிறந்திருக்கிறது. 2027இல் தொடங்கும் என அமைச்சு அறிவித்த புதிய பாடத்திட்டத்திலும் இதைக் கருதலாம்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதலாம் படிவத்தில் 'கணினி அறிவியல் அடிப்படை', 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' ஆகிய இரண்டில் ஒன்றுதான் பிள்ளைக்குக் கிடைக்கும். பல நேரங்களில் பள்ளியே முடிவு செய்துவிடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளியில் பதியப் போகும்போது சீருடை, புத்தகம், பேருந்து என்று கேட்கிறோம் அல்லவா? அதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் பள்ளியில் கணினிப் பாடம் உண்டா? நடத்துபவர் அதற்குப் பயிற்சி பெற்றவரா? நான்காம் படிவத்தில் கணினி அறிவியலைத் தொடர வாய்ப்பு உண்டா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான்கு பெற்றோர் இதைக் கேட்டால் தலைமையாசிரியரின் கவனம் திரும்பும். கேட்காத பொருளுக்குக் கடையில் இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

தமிழ்ப்பள்ளியில் நம் பங்கு

"தமிழ்ப்பள்ளியில் கணினி அறை சரியில்லையே, நாம் என்ன செய்ய முடியும்?" என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். கணினியே இல்லாமலும் கணினி அறிவியலின் வேரை ஊன்ற முடியும் என்பதே என் பதில். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களிலேயே இதற்கான விளையாட்டுகளை உருவாக்கிக் காட்டினார்கள். ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள். சிலவற்றைத் திருப்பியும் சிலவற்றை மூடியும் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். 13 வேண்டுமா? 8, 4, 1 ஆகிய அட்டைகளைத் திறந்தால் போதும். இரும எண் அவ்வளவுதான். 1 முதல் 100 வரை ஓர் எண்ணை மனத்தில் நினைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மீதியைப் பாதியாக வெட்டிக் கேட்டால் ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். இடைநிலைப்பள்ளியில் படிக்கப் போகும் இருமத் தேடல் இதுவே.

நம்மிடம் இதைவிட அருமையான ஒன்றும் இருக்கிறது. முதலாம் ஆண்டு வகுப்பின் சுவரைப் பாருங்கள். உயிர்மெய் அட்டவணை தொங்கும். ஒரு மெய்யை நிறுத்திப் பன்னிரண்டு உயிரையும் அதன்மேல் ஓட்டுகிறோம். முடிந்ததும் அடுத்த மெய். இப்படிப் பதினெட்டு முறை. 216 எழுத்துகள்! நிரலாக்கத்தில் ஒரு மடக்குக்குள் இன்னொரு மடக்கு என்பார்களே, அதை நம் ஏழு வயதுப் பிள்ளை வாய்விட்டுப் பாடிக் கொண்டிருக்கிறது. மரம், வேர் சேர்ந்தால் மரவேர். மரம், கிளை சேர்ந்தால் மரக்கிளை. வருமொழி வல்லினத்தில் தொடங்கினால் இப்படி, இடையினத்தில் தொடங்கினால் அப்படி. "இவ்வாறாயின் இது, இல்லையேல் அது" என்ற கட்டளை வேறென்ன? பெயர் சொல்லிக் கொடுக்கத்தான் நாம் மறந்துவிட்டோம்.

"இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாயில்தானே, தமிழில் ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலைச்சொல் எம்மொழியிலும் கற்கலாம். ஆனால், "முதலில் எதைச் செய்வது, பிறகு எது, எப்போது நிறுத்துவது?" என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளை நினைக்கும் மொழியில்தான் முதலில் ஊன்றும். நான்காம் ஆண்டின் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்திலேயே நிரலாக்கத்தின் தொடக்கம் இருக்கிறது. அதை நாம் தமிழில்தான் நடத்துகிறோம். கைவினைப் பொருள் செய்து முடிக்கும் அவசரத்தில் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. முழுக்க முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத முத்தையா அண்ணாமலை 'எழில்' என்ற நிரலாக்க மொழியை உருவாக்கி 2013இல் பொதுவில் வெளியிட்டார். தமிழில் இதெல்லாம் முடியுமா என்ற ஐயம் அப்போதே தீர்ந்துவிட்டது.

வாய்ப்பிருப்பவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியேயும் அழைத்துச் செல்லுங்கள். 2016இல் கொம்தாரில் திறக்கப்பட்ட டெக் டோம் அறிவியல் மையமும், அதே ஆண்டில் பச்சைப் பாதையில் திறக்கப்பட்ட பினாங்கு மின்னியல் நூலகமும் நமக்காக அமைந்தவைதாம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகுமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து இன்னொரு குரலும் கேட்கிறது. "இனி நிரலை இயந்திரமே எழுதும், பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும்?" என்று. கணிப்பொறி கூட்டும் என்பதற்காக நாம் வாய்பாட்டைக் கைவிட்டோமா? இயந்திரம் எழுதித் தருவது சரியா தவறா என்று பார்க்கத் தெரியாதவன், அது சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியவன் ஆகிறான். புத்தகத்தின் பக்க எண்ணைக் கேட்ட என் மாணவி, நாளை அதே கேள்வியை இயந்திரத்திடம் கேட்பாள். விடை வரும். அது சரியான விடையா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆகவே சிந்திக்கக் கற்பிக்கும் தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அந்த மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். தாளை நகர்த்தி வைத்துவிட்டு, மூன்று பென்சில்களை அவள்முன் வைத்தேன். "இரண்டிரண்டாகத்தான் ஒப்பிடலாம். நீளமானதை எடு" என்றேன். முதல் இரண்டை ஒப்பிட்டாள். நீளமானதைக் கையில் வைத்துக் கொண்டாள். அதை மூன்றாவதோடு ஒப்பிட்டாள். எடுத்துக் கொடுத்தாள். "இப்போது செய்ததை அப்படியே தமிழில் எழுது" என்றேன். நான்கு வரியில் எழுதினாள். எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "டீச்சர், இதுதான் நிரலா?" என்றாள். அடுத்த பத்து நிமிடத்தில் அதைப் பைத்தானில் மாற்றியும் விட்டாள். நூறு பேர் இருந்தால் எப்படி என்று அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள்!

இதற்குத் தேவைப்பட்டவை மூன்று பென்சிலும் அரைமணி நேரமும்தான். 1816இல் இதே பினாங்கில், ஃப்ரீ ஸ்கூலில், இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கியபோதும் விலையுயர்ந்த கருவி எதுவும் இருந்திருக்காது. கற்பிக்க ஒருவர் இருந்தார், கற்கச் சிலர் இருந்தார்கள். இரண்டு நூற்றாண்டு கடந்தும் கல்வியின் அடிப்படை மாறவில்லை.

அடுத்த முறை ஒரு பள்ளியில் புதிய கணினி அறை திறக்கப்படும்போது மகிழ்வோம், கைதட்டுவோம். கூடவே, "கற்பிக்கப் போகும் ஆசிரியரை ஆயத்தப்படுத்திவிட்டீர்களா?" என்றும் கேட்போம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!